பிரதிநிதி தத்துவ விசாரம்

கல்லூரியில் வகுப்புக்கு வராத தோழனுக்காகக் குரலை மாற்றி 'உள்ளேன் ஐயா' என்று சொல்லும் கைங்கரியத்துக்கு ப்ராக்ஸி என்று பெயர் வழங்குவதை அறியாதார் இலர். ஆயின் அதே நாமத்தைத் தாங்கி, கணினிக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று, நாம் வேண்டுவதைத் தன் பெயரால் கேட்டு வாங்கித் தரும் சேவையகத்துக்கு, ஒரே கணினியில் குடியிருக்கும் செயலிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே முக்தியார் பத்திரம் எழுதிக்கொடுக்க நேர்வதன் தாத்பரியம் என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் பிரயோஜனம்.

ஆதியில் இவ்வேற்பாடு எளியது. 1994-இல் செர்ன் ஆய்வுக்கூடத்தின் வலைச் சேவையகம், ஃபயர்வாலுக்குள் அகப்பட்டோர் வெளியுலகைக் காணும்பொருட்டு இவ்வுத்தியோகத்தை ஏற்றபோது, கேட்டு நின்றவர் பெரும்பாலும் பிரௌசர் ஒருவரே. இன்றோ மேசைக்கு இருபது செயலிகள். அத்தனைக்கும் சேர்த்து இயங்குதளத்தில் ஒரே விலாசத்தை எழுதிவைப்பது கூட்டுக்குடும்ப முறை. அம்முறையை நம்பி அலுவலகத்து ப்ராக்ஸியை எழுதிவைத்துவிட்டு, மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்த ஓர் இரவில், அஞ்சல் முதல் அம்மா கேட்க விரும்பிய கச்சேரி வரை சகலமும் பத்து மைலுக்கு அப்பாலிருக்கும் அலுவலக வாசலைத் தட்டிக்கொண்டு நின்றதைக் கண்ட பிறகே, தனிக்குடித்தனத்தின் மகிமை எனக்கு விளங்கிற்று.

செயலிகளின் சுபாவமோ பலவிதம். குரோம், குடும்பத் தலைவரான இயங்குதளத்தின் சொல்லைத் தட்டாது. ஃபயர்பாக்ஸ் தனக்கென ஒரு கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்ளும். ஜாவா செயலிக்கோ, துயிலெழுப்பும்போதே காதில் விலாசத்தை ஓதிவிட வேண்டும். விண்டோஸில் குடும்பத் தலைவருக்கே வின்இநெட், வின்எச்டிடிபி என்று இரண்டு கணக்கு உண்டு என்பதை விஸ்தரிக்கப் புகின் கட்டுரை வீட்டுச் சண்டையில் முடியுமாதலால் விடுத்தேன்.

நிற்க. முனைய வழியே இயங்கும் செயலிகள் விலாசத்தைத் தேடுவது எச்டிடிபி_ப்ராக்ஸி என்னும் சூழல் மாறியில். இதைச் சிற்றெழுத்தில் எழுதுவதா பேரெழுத்தில் எழுதுவதா என்பது பாடபேதம் போலத் தோன்றினும் பாடபேதமன்று. ஏனெனில், வெளியார் அனுப்பும் கோரிக்கையின் தலைப்புகளையெல்லாம் முன்னே 'எச்டிடிபி' சேர்த்துப் பேரெழுத்து மாறிகளாக்கித் தருவது, வலைச் சேவையகம் தன் நிரல்களோடு பேசும் சிஜிஐ சம்பிரதாயமாதலின், 'ப்ராக்ஸி' என்றொரு தலைப்பை எவனோ ஒரு வழிப்போக்கன் அனுப்பினாலும், அவன் நம் வீட்டுக்கு முக்தியார் நியமித்தவனாகிவிடுவான். 2016-இல் இவ்வபாயம் 'எச்டிடிபாக்ஸி' என்னும் பெயரோடு சபையேறிற்று. கர்ல் என்னும் முனையச் செயலி இந்த ஒரு மாறியை மட்டும் சிற்றெழுத்தில் கண்டாலன்றி நம்பாமலிருப்பது, அதன் கண்பார்வைக் கோளாறன்று, தீர்க்கதரிசனம்.

எழுத்தின் மகிமை அதனோடு முடியவில்லை. கர்லுக்கு ப்ராக்ஸியின் வகையை 'சாக்ஸ்5' என்று எழுதினால், பிரதிநிதியை அனுப்புமுன் போகவேண்டிய ஊரின் விலாசத்தை நம் கணினியே தெருவில் உரக்க விசாரித்துக்கொள்ளும். இறுதியில் ஓர் 'எச்' சேர்த்துவிட்டால் அவ்விசாரணையும் பிரதிநிதியின் பொறுப்பாகிவிடும். ரகசியமாக ஒருவரைப் பார்க்கப் போகிறவர், வழி கேட்கும் இடத்தில்தான் அகப்பட்டுக்கொள்கிறார்.

ப்ராக்ஸி என்ற பேச்சையே காதில் வாங்காத செயலிகளுக்கு லினக்ஸில் ப்ராக்ஸிசெயின்ஸ் என்னும் பலாத்கார உபாயம் உண்டு. செயலி விழிக்குமுன் பொது நூலகத்துக்கு முன்பாகத் தன் நூலகத்தை நிறுத்தி, அது வெளியே கைநீட்டும்போதெல்லாம் கையைப் பிடித்துத் திருப்பிவிடுவதே இதன் சூட்சுமம். வேண்டியவற்றையெல்லாம் தனக்குள்ளேயே கட்டுச்சோறாகக் கட்டிக்கொண்டு, வெளியே தண்ணீர் கூட வாங்கிக் குடிக்காத ஆசாரசீலச் செயலிகளிடம் மட்டும் இது பலிப்பதில்லை.

எஞ்சியிருப்பது, பிரதிநிதியின்றி நேரே செல்லவேண்டிய இடங்களைக் குறிக்கும் நோ_ப்ராக்ஸி பட்டியல். அதில் ஊர்ப்பெயருக்கு முன்னே புள்ளி வேண்டும் என்னும் செயலிகளும், வேண்டாம் என்னும் செயலிகளும், இருந்தாலும் பாதகமில்லை என்னும் சாது செயலிகளும் உள. இவர்களுக்குள் சமரசம் ஏற்படும்வரை, அடியேன் ஒவ்வொரு பெயரையும் புள்ளியோடு ஒரு முறையும் புள்ளியின்றி ஒரு முறையும் எழுதிவைத்திருக்கிறேன்.