யாரும் பார்க்காத அடி

கேள்வி: அண்ணாச்சி, நம்ம தென்காசிப் பக்கம் கோல்ஃப் மைதானமே கிடையாது. சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் துண்டோடு வருவார்கள். கோல்ஃப் மட்டையோடு யாரும் வந்து நான் பார்த்ததில்லை. அப்படியிருக்க, அந்த வீரர்கள் ஒழுங்காக நடந்தால் என்ன, நடக்காவிட்டால் நமக்கென்ன?
— ஒரு வாசகர், இலஞ்சி

பதில்: வெள்ளைக்காரர்கள் கொடைக்கானலில் 1895-லேயே கோல்ஃப் கிளப் தொடங்கிவிட்டார்கள். குற்றாலத்தில் நமக்குக் கிடைத்தது அவர்களுடைய பங்களாவும் வாசனைப் பயிர்த் தோட்டமும்தான். மைதானம் இல்லாவிட்டாலும் இந்த ஆட்டத்தில் நமக்கு வேலை இருக்கிறது. கிரிக்கெட்டில் நடுவர் விரல் தூக்குவார், கால்பந்தில் விசில் ஊதுவார். கோல்ஃபில் நூறு பேருக்கு மேல் 18 குழிகளில் சிதறி ஆடுவார்கள். ஒவ்வொருவர் பின்னாலும் நடுவர் ஓட முடியாது. புதருக்குள் பந்து அசைந்ததா என்பது ஆடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். தவறு நேர்ந்தால் அவரே சொல்லி, தன் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நம்ம மெயினருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடை. போலீஸ்காரர் அந்தப் பக்கம் திரும்பியதும் சோப்புக் கட்டி வெளியே வருவதையும் பார்க்கிறோம். சோப்புப் போட்டவரே ஈரத்தோடு போய் அபராதத்தை நீட்டினால் எப்படி இருக்கும்? கோல்ஃப் கேட்பது அதைத்தான். இப்படி ஒரு எதிர்பார்ப்பை மனிதர்கள் மேல் வைத்த ஆட்டம் எதுவாக இருந்தாலும், அது எந்த ஊர் ஆட்டம் என்று நான் பார்க்க மாட்டேன்.

கேள்வி: இதெல்லாம் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். நிஜத்தில் யாராவது அப்படிச் செய்திருக்கிறார்களா?
— ஒரு கல்லூரி மாணவர், மேலகரம்

பதில்: செய்திருக்கிறார்கள், அதற்குக் கோப்பையையே விலையாகவும் கொடுத்திருக்கிறார்கள். 1925 அமெரிக்க ஓபனில் பாபி ஜோன்ஸ் மட்டையைப் பந்தருகே வைத்தபோது பந்து இம்மியளவு அசைந்தது. கூட இருந்த யாரும் பார்க்கவில்லை. அதிகாரிகள் விசாரித்துவிட்டு, முடிவை அவரிடமே விட்டார்கள். அவர் ஓர் அடியைச் சேர்த்துக்கொண்டார். கடைசியில் ஆட்டம் சமனாகி, பிளே-ஆஃபில் வில்லி மக்ஃபார்லேனிடம் ஒரே ஓர் அடியில் தோற்றார். பிறகு எல்லோரும் பாராட்டியபோது அவருக்குப் பிடிக்கவில்லை. பேங்கைக் கொள்ளையடிக்காமல் வந்ததற்கு ஒருவனைப் பாராட்டுவீர்களா என்று கேட்டாராம்.

2010-இல் இங்கிலாந்தின் பிரையன் டேவிஸ், ஜிம் ஃப்யூரிக்குடன் பிளே-ஆஃபில் நின்றார். மட்டையைப் பின்னால் கொண்டுபோகும்போது ஒரு நாணல் தண்டில் பட்டதோ என்று அவருக்கே சந்தேகம். அவரே அதிகாரியை அழைத்தார். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள், பட்டிருந்தது. இரண்டு அடி அபராதம், ஆட்டம் முடிந்தது. முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் வித்தியாசம் சுமார் 4 லட்சம் டாலர். அமெரிக்க பிஜிஏ டூரில் அதற்கு முன்பும் பின்பும் அவர் ஒரு பட்டம்கூட வென்றதில்லை. எனக்கு ஜோன்ஸைவிட இவர் பெரியவர். ஜோன்ஸிடம் வேறு கோப்பைகள் இருந்தன.

ஆனால் என் மனசில் உட்கார்ந்திருப்பவர் அர்ஜென்டினாவின் ராபர்டோ டி விசென்சோ. 1968 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாள், அவருக்கு 45-வது பிறந்தநாள். 17-வது குழியை 3 அடியில் முடித்தார். தொலைக்காட்சியில் அத்தனை பேரும் பார்த்தார்கள். அவருடைய ஸ்கோர் கார்டை எழுதிய சக ஆட்டக்காரர் டாமி ஆரோன் அதை 4 என்று எழுதிவிட்டார். டி விசென்சோ சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கூடுதலாக எழுதியதில் கையெழுத்துப் போட்டால் அதுவே நிற்கும் என்பது விதி. பாப் கோல்பியுடன் பிளே-ஆஃப் ஆட வேண்டியவர் ஓர் அடியில் இரண்டாமிடம் போனார். விதியையும் திட்டவில்லை, ஆரோனையும் குறை சொல்லவில்லை. முட்டாள்தனம் என்னுடையது என்று சொல்லிவிட்டு, வென்றவரைப் புகழ்ந்தார். வெல்லும்போது எல்லோரும் பெருந்தன்மையாகத்தான் பேசுவார்கள்.

கேள்வி: டைகர் வுட்ஸ் குடும்ப விஷயத்தில் செய்ததை எப்படி மன்னிப்பது? என் மகன் அறையில் ஒட்டியிருந்த படத்தை நானே கிழித்துப் போட்டேன்.
— ஒரு தாய், தென்காசி

பதில்: அம்மா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மன்னிப்பதும் மறுப்பதும் உங்களிடமோ என்னிடமோ இருக்கிற அதிகாரமா என்று யோசியுங்கள்.

2009 நவம்பர் 27 அன்று வீட்டு வாசலில் அவர் கார் மோதியது. அதன் பிறகு திருமணத்துக்கு வெளியே அவருக்கிருந்த உறவுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. 2010 பிப்ரவரி 19-இல் தொலைக்காட்சி முன் நின்று உலகத்திடம் மன்னிப்புக் கேட்டார். ஏமாற்றப்பட்டவர் அவர் மனைவி. அவரிடம் கேட்க வேண்டியதை நம்மிடம் ஏன் கேட்டார்? ஏனென்றால் நல்ல கணவர், நல்ல தகப்பன் என்ற ஒரு படத்தைக் கம்பெனிகள் நமக்கு விற்றிருந்தன. அக்சென்சர் விலகியது. நைக்கி விலகவில்லை, இறந்துபோன அவர் அப்பாவின் குரலை வைத்து அந்த ஏப்ரலிலேயே ஒரு விளம்பரம் எடுத்தது. அவருடைய வருத்தத்தையும் சரக்காக்கிய அந்த விளம்பரம்தான் எனக்கு அருவருப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே மாதம் மாஸ்டர்ஸ் போட்டிக்கு அவர் திரும்பினார். அந்தப் போட்டியை நடத்தும் அகஸ்டா கிளப்பின் அப்போதைய தலைவர் பில்லி பெய்ன் பத்திரிகையாளர் முன்னிலையில், நம் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் இவர் ஏமாற்றிவிட்டார் என்று கண்டித்தார். அந்த கிளப் எது? 1975 வரை மாஸ்டர்ஸில் ஒரு கறுப்பின வீரரும் ஆடியதில்லை. லீ எல்டர்தான் முதலாமவர். 1990 வரை கறுப்பின உறுப்பினர் கிடையாது. பெய்ன் அந்தக் கண்டனத்தைப் படித்த நாளில் பெண் உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 2012-இல்தான் இரண்டு பேரைச் சேர்த்தார்கள். பேத்திகளுக்காக வருத்தப்பட்ட கிளப்பின் உறுப்பினர் பட்டியலில் பேத்திகளுக்கு இடமில்லை. ஒழுக்கம் கேட்க வருகிறவரின் கையையும் நாம் பார்க்க வேண்டும்.

ஆனால் 2017 மே மாதம் ஃப்ளோரிடாவில் நடந்தது வேறு. மருந்துகளின் மயக்கத்தில், ஓடிக்கொண்டிருந்த என்ஜினோடு, ஸ்டியரிங் முன்னால் தூங்கிக் கிடந்தார். மது இல்லை. பிறகு கவனக்குறைவாக வண்டி ஓட்டியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதைக் கேட்க எனக்கும் உரிமை உண்டு, உங்களுக்கும் உண்டு. புளியரைக் கணவாயில் லாரிக்கு எதிரே வண்டி ஓட்டுகிற யாருக்கும் அது புரியும். படுக்கையறை அவர் வீட்டுக்குள் இருக்கிறது. சாலை எல்லோருக்கும் பொது.

மகன் அறையில் அந்தப் படத்தைத் திரும்ப ஒட்டுவதா என்பதை மகனே முடிவு செய்யட்டும்.

கேள்வி: இந்தியாவில் பிரபல கோல்ஃப் வீரர் ஒருவரே கைதானாரே?
— ஒரு வாசகர், கடையநல்லூர்

பதில்: ஜோதி ரந்தாவாவைச் சொல்கிறீர்கள். 2002-இல் ஆசிய டூரின் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் இந்தியர். 2018 டிசம்பரில் உத்தரப் பிரதேசத்தின் கதர்னியாகாட் சரணாலயத்தில் வேட்டையாடினார் என்ற குற்றச்சாட்டில் வனத்துறை கைது செய்தது. கைது தீர்ப்பல்ல. தீர்ப்பைச் செய்தித்தாளில் நாம் எழுதக் கூடாது.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் தெரியுமா? உலகின் முதல்நிலை வீரர் ஸ்காட்டி ஷெஃப்லர் 2024 மே 17 காலையில் லூயிவிலில் கைதானார். போட்டி மைதானத்துக்குள் நுழையும்போது போலீஸோடு தகராறு என்றார்கள். சிறை உடையில் எடுத்த படம் உலகம் சுற்றியது, டி-ஷர்ட்டிலும் ஏறியது. வெளியே வந்து அன்றே 66 அடியில் ஆட்டத்தை முடித்தார். 29-ஆம் தேதி வழக்கே தள்ளுபடி. அன்று அந்த வாசலில் நெரிசல் எதனால்? விடியற்காலையில் பேருந்து மோதி, போட்டிப் பணியாளர் ஒருவர் இறந்துபோயிருந்தார். அவரைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? ஷெஃப்லர் பேசினார்; அந்தக் குடும்பத்துக்கு வருத்தம் சொன்னார். அதே மே 17-இல்தான் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பள்ளி மாணவனை அடித்துக்கொண்டு போனது. நம் மாவட்டத்துக்கு அந்தத் தேதி என்றால் அந்தப் பிள்ளைதான்.

கேள்வி: டிவியில் வீரர் தப்பு செய்வதைப் பார்த்தால் நான் போன் போட்டுச் சொல்லலாமா?
— ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: 2018-க்கு முன்னால் சொல்லியிருக்கலாம். 2017 ஏப்ரலில் பெண்கள் போட்டி ஒன்றில் லெக்ஸி தாம்ப்சன் முன்னிலையில் இருந்தார். முந்தின நாள் பந்தை எடுத்துத் திரும்ப வைத்தபோது ஓர் அங்குலம்போல் இடம் மாறியதாக ஒரு ரசிகர் மின்னஞ்சல் போட்டார். தவறான இடத்திலிருந்து ஆடியதற்கு இரண்டு, தவறான கார்டில் கையெழுத்துப் போட்டதற்கு இரண்டு என நான்கு அடி அபராதம். கண்ணீரோடு ஆடி, பிளே-ஆஃப் வரை போய்த் தோற்றார். 2018 ஜனவரி முதல் வீட்டிலிருந்து வரும் புகார்களை ஏற்பதில்லை. நல்ல முடிவு. சோபாவில் சாய்ந்தபடி அடுத்தவர் மனசாட்சியாக இருப்பது சுலபம்.

கேள்வி: அப்படியானால் அஷ்வின் செய்தது? பட்லரை அவுட் ஆக்கியது தமிழ்நாட்டுக்கே அவமானம் என்கிறான் என் மச்சினன்.
— ஒரு ரசிகர், பாவூர்சத்திரம்

பதில்: மச்சினனிடம் சொல்லுங்கள்: 2019 மார்ச் 25, ஜெய்ப்பூரில் அஷ்வின் விதியை மீறவில்லை. 2022-இல் இப்படி அவுட் ஆக்குவது வெறும் ரன் அவுட்டாகவே விதிப் புத்தகத்தில் இடம் மாறியது. எதிர்முனையில் நின்று, பந்து வீசப்படுமுன்பே கோட்டைத் தாண்டியது பட்லர். கோல்ஃப் கணக்கில் தன்னைத்தானே கேட்க வேண்டியவர் பட்லர்தான். பெருந்தன்மை வேண்டுமென்றால் 1980 பம்பாய் டெஸ்டில் ஜி.ஆர். விஸ்வநாத் செய்ததைச் சொல்லுங்கள்: நடுவர் அவுட் கொடுத்த பாப் டெய்லரைத் திரும்ப அழைத்தார். இந்தியா தோற்றது. அது அவராக மனமுவந்து கொடுத்தது. கொடுக்காதவனைக் குற்றவாளி என்பது அநியாயம்.

கேள்வி: பெண் வீராங்கனைகளிடம் மட்டும் கூடுதலாக எதிர்பார்க்கிறார்களா?
— ஓர் ஆசிரியை, ஆய்க்குடி

பதில்: ஆம், அதுவும் ஒழுக்கம் என்ற பெயரில். 2008-இல் அமெரிக்கப் பெண்கள் டூர், இரண்டு ஆண்டு ஆடிய வெளிநாட்டு வீராங்கனைகள் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் இடைநீக்கம் என்றது. கொரியப் பெண்கள் வென்றுகொண்டிருந்த காலம். எதிர்ப்பு கிளம்பி அடுத்த மாதமே கைவிட்டார்கள். 2017-இல் ஆழமான கழுத்துள்ள மேலாடை, லெக்கிங்ஸ் பற்றிக் கட்டுப்பாடு. பந்துக்கு இங்கிலீஷ் தெரியாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக், தாயார் பை தூக்கிவர, பதக்கத்தை ஓர் அடியில் இழந்து நான்காவதாக வந்தார். நம் வீட்டுப் பெண்கள் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். உடையைப் பற்றி யாரும் பேசவில்லை.

உடை என்றதும் நினைவு வருகிறது. 2014-இல் சென்னையில் கிரிக்கெட் சங்க கிளப்பில், வேட்டி கட்டியதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அதே ஆண்டு சட்டமன்றம் அதற்கு எதிராகச் சட்டமே இயற்றியது. 2017-இல் டெல்லி கோல்ஃப் கிளப்பில், மேகாலயாவின் ஜைன்செம் உடுத்திய ஒரு பெண்ணைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பினார்கள்; விருந்தாளியாக வந்தவரை வேலைக்காரி போலிருக்கிறார் என்றார்கள். காலர் வைத்த சட்டை போட்டுக்கொண்டு ஒருவரை இப்படி அவமதிப்பதை நான் நாகரிகமென்று ஒப்ப மாட்டேன்.

கேள்வி: ஒரு பெரிய வீரரை எடைபோட ஒரே ஒரு வழி சொல்லுங்கள்.
— ஆட்டோ ஓட்டும் வாசகர், குற்றாலம்

பதில்: பை தூக்குகிறவருக்கு என்ன கொடுத்தார் என்று பாருங்கள். சீசனில் பேரம் பேசுகிறவர்களை வைத்தே ஆளை எடைபோடுகிற உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 2018-இல் மெக்சிகோவில் மேட் கூச்சர் சுமார் 13 லட்சம் டாலர் வென்றார். அந்த வாரத்துக்கு மட்டும் அமர்த்திய உள்ளூர் கேடிக்குக் கொடுத்தது 5,000. பேசியதைவிட அதிகம்தான் கொடுத்தேன் என்று முதலில் வாதாடினார். மக்கள் விடவில்லை. 2019 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டு 50,000 டாலராக நிறைவு செய்தார். பொதுமக்கள் கோபம் உருப்படியாக ஒரு வேலை செய்த தருணம் அது.

கேள்வி: ஒரே ஒரு கோல்ஃப் வீரரைக் குற்றாலத்துக்கு அழைத்து வரலாமென்றால் யாரை அழைப்பீர்கள்?
— ஒரு வாசகர், பிரானூர் பார்டர்

பதில்: அலி ஷேரை. டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாகப் பை தூக்கியவர். 1991-இல் இந்திய ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர், 1993-இலும் வென்றார். 2009-இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரு முனியப்பாவும் கேடிதான். ஐந்தருவியில் குளிக்க வைத்து, உங்கள் பார்டர் கடை புரோட்டாவும் நாட்டுக்கோழியும் வாங்கிக் கொடுத்து, அலி ஷேரிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: பை தூக்கிய காலத்தில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து எந்தெந்தப் பெரிய மனிதர்கள் பந்தைக் காலால் நகர்த்தினார்கள்?