ஒரே வீட்டில் இரு கணினிகள்

கேள்வி: ஒரே வைஃபையில் இருந்தும், என் பழைய எக்ஸ்பி கணினியிலுள்ள படங்களை மகளின் புதிய மடிக்கணினி எட்டிப்பார்க்கவும் மறுக்கிறதே, என்ன விரோதம்?

பதில்: விரோதமன்று, தற்காப்பு! 2001-இல் பிறந்த எக்ஸ்பி, கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள எஸ்எம்பி முதற்பதிப்பு என்ற ஒரே மார்க்கத்தை மட்டும் அறிந்திருக்க, அம்மார்க்கத்தின் பலவீனத்தைப் பற்றிக்கொண்டு 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் கிருமி 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பீடித்தது. அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்தோ அம்மார்க்கத்தை இயல்பாகத் திறந்துவைக்கும் வழக்கம் படிப்படியாகக் கைவிடப்பட்டது. அமைப்புகளில் புகுந்து அக்கதவை மீண்டும் திறக்கலாம்தான். ஆனால், 2014 ஏப்ரலோடு எக்ஸ்பிக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டபடியால், மகளின் கணினியையும் அபாயத்துக்கு உட்படுத்தாமல், படங்களைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, எக்ஸ்பியின் வைஃபையை இன்றே துண்டித்துவிடுங்கள்.