பய போயிட்டாம்லா!

தூத்துக்குடியில் ஒரு கல்லூரி ஹாக்கி ஆட்டக்காரன், ரெண்டாம் வருஷப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ரயில்வே வேலைக்குப் போகிறான் என்று வையுங்கள். பெற்றவள் அழமாட்டாள், பனிமய மாதா கோயிலிலோ சிவன் கோயிலிலோ நேர்ந்துகொண்டதைச் செலுத்தக் கிளம்பிவிடுவாள். கோச் அழமாட்டார், ‘நான் தயார் பண்ணின பையன்’ என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒருவன் கிடைத்தான். அவன் தன் வகுப்பில் இருந்தான் என்பதே பேராசிரியருக்கு அன்றைக்குத்தான் தெரியவரும். ஊரில் கண்கலங்கும் ஒரே ஜீவன் கேலரி அண்ணாச்சி.

அண்ணாச்சி என்பது இங்கே ஆளின் பெயரல்ல, பதவி. தருவை மைதானத்துப் பக்கம் சாயங்காலம் போனால் இந்தப் பதவியில் இருப்பவர் ஒருவராவது தட்டுப்படுவார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை, சட்டைப் பையில் உப்புக் கம்பெனி இனாமாகக் கொடுத்த டைரி. துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை ஆயுசு பூராவும் எண்ணிய கை சும்மா இருக்காதே, அதனால் இப்போது பெனால்டி கார்னர்களை எண்ணுகிறது. யார் எப்போது கோட்டை விட்டான் என்பது டைரியில் தேதிவாரியாக இருக்கும். கோல் போட்டவர்களின் பெயர் இருக்காது. அதெல்லாம் பேப்பரில் வரும் என்பார்.

அவர் அந்தக் கல்லூரியில் படித்தவரில்லை. அதன் வாசலை மிதிப்பது தேர்தலுக்குத் தேர்தல், ஓட்டுப் போட மட்டும். ஆனாலும் அது ‘நம்ம காலேஜ்’. ஜெயித்தால் ‘நாம ஜெயிச்சோம்’, தோற்றால் ‘இவனுவ தோத்துட்டானுவ’. ஹாக்கி வரலாற்றையும் அவர் இந்த இலக்கணப்படியே வைத்திருக்கிறார். 1980 மாஸ்கோவில் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கியது நாம். 1976 மான்ட்ரியாலில் ஏழாவது இடத்துக்குப் போனதற்கு முழுப் பொறுப்பும் அந்த ஒலிம்பிக்கில் முதல்முதலாகப் போட்ட செயற்கைப் புல்தரையுடையது. “பிளாஸ்டிக் பாயில வெளையாடச் சொன்னா எவன்வே வெளையாடுவாம்?”

இப்படிச் சொல்பவர், மே மாதம் வந்துவிட்டால் அதே பிளாஸ்டிக் பாயைப் பார்க்கக் கோவில்பட்டிக்கு பஸ் ஏறிவிடுவார். அங்கே செயற்கைப் புல்தரை மைதானத்தில் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை அகில இந்திய ஹாக்கிப் போட்டி. கடற்படை வரும், இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் வரும், ரயில்வே அணிகள் வரும். தூத்துக்குடி மாவட்டம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முத்தும் உப்பும் துறைமுகமும்தான். அதே மாவட்டத்தின் கரிசல் காட்டில், கடல் கண்ணுக்கே எட்டாத கோவில்பட்டி, கடலைமிட்டாய் செய்வது போக மிச்ச நேரமெல்லாம் ஹாக்கி ஆடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. பஸ் போகும் வழியில் எப்போதும்வென்றான் என்று ஓர் ஊர். நமக்குப் பிடித்த அணி ஆடும் நாளில் அண்ணாச்சி அங்கே ஜன்னல் வழியாக ஒரு கும்பிடு போட்டுக்கொள்வார். எதிர் அணி ஆதரவாளரும் அதே பஸ்ஸில் வந்து அதே கும்பிடைப் போட்டால் அந்த ஊர் என்ன செய்யும் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

சரி, பய விஷயத்துக்கு வருவோம்.

செய்தி டீக்கடையில்தான் முதலில் வெடிக்கும். “அண்ணாச்சி, நம்ம லெஃப்ட் இன் பயலுக்கு ஆர்டர் வந்துட்டாம். செகந்திராபாத்து.” அண்ணாச்சி கிளாஸைக் கீழே வைப்பார். “எவஞ்சொன்னாம்?” சொன்னவன் பெயர் சொன்னதும், “அவன் கெடக்காம், பொய்யன்” என்பார். பிறகு பயலின் மாமாவே வந்து லட்டு கொடுப்பார். லட்டை வாங்கிக்கொள்வார், செய்தியை வாங்கிக்கொள்ள மாட்டார். லட்டு தீர்ந்த பிறகுதான் துக்கம் தொடங்கும்.

“அடுத்த வருசம் சவுத் ஜோன் நமக்குத்தாம்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேனே, பய போயிட்டாம்லா! இன்னும் ஒரு வருசம், ஒரே ஒரு வருசம் இருந்தா என்ன கொறஞ்சா போவும்? டிகிரிய முடிச்சிட்டுப் போவக்கூடாதா?”

டிகிரி மேல் அண்ணாச்சிக்குத் திடீரென்று வரும் இந்தப் பாசம் கவனிக்கத்தக்கது. நேற்றுவரை, செமஸ்டர் பரீட்சைக்காக அந்தப் பயல் ஒரு நாள் பிராக்டிஸுக்கு வராமலிருந்தால், “படிச்சு கலெக்டராவப் போறாம்” என்று நக்கல் அடித்தவர் இவர்தான்.

துக்கத்துக்கு அடுத்தது விசாரணை. யார் காரணம்? முதலில் கோச். “அவருதாம் தள்ளிவிட்டாரு.” அடுத்து பயலின் அம்மா. “சம்பளத்தைப் பாத்துட்டா.” அப்புறம் ரயில்வே அமைச்சகம். கடைசியில் நானும் மாட்டினேன். போன வாரம் அந்தப் பயலை ஒரு கட்டுரையில் நாலு வரி புகழ்ந்து எழுதிவிட்டேனாம். “நீரு எழுதினீரு, டெல்லிக்காரன் பாத்துட்டாம்.” என் எழுத்து டெல்லி வரைக்கும் எட்டியதென்று நம்பிய ஒரே வாசகர் என்பதால் நான் மறுக்கவில்லை.

அமெரிக்காவிலும் இந்தத் துக்கம் உண்டு. பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு ஒரே ஒரு சீசன் ஆடிய மக்லின் செலபிரினி, 2024-ல் கல்லூரியை விட்டு சான் ஹோசே அணிக்குப் போய்விட்டார். அது பனித்தரையில் ஆடும் ஹாக்கி, அது வேறு பணம். பாஸ்டனிலும் ஓர் அண்ணாச்சி கம்பளிக் குல்லாயோடு கிளாஸைக் கீழே வைத்திருப்பார், சந்தேகமில்லை. நம் ஊரில் ‘தொழில்முறை ஆட்டக்காரன்’ என்றால் பெரும்பாலும் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம், சாயங்காலம் பிராக்டிஸ். இதற்கு ‘டிபார்ட்மென்ட்’ என்று பெயர். பய டிபார்ட்மென்டுக்குப் போயிட்டாம் என்றால் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கலாம் என்று அர்த்தம்.

அண்ணாச்சியின் சபையில் ஒரு கணக்குப் பார்ட்டி உண்டு. பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் சம்பள விகிதமாகப் பார்ப்பவர். அவர்தான் விளக்கம் கொடுப்பார். “பிளஸ் டூவுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல லெவல் டூ. அடிப்படைச் சம்பளமே 19,900, பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி தனி. டிகிரி இருந்தா லெவல் ஃபைவ், 29,200. நீரு சொல்லுதது வாஸ்தவந்தாம். ஆனா அதுக்கு டிகிரி மட்டும் காணாது, நாட்டுக்காக ஆடின சான்றும் கேப்பான். டிகிரிய முடிக்கும்போது முட்டி போச்சுன்னா? அண்ணாச்சி ஓமக்கு முட்டி எப்பிடி இருக்கு?”

அண்ணாச்சி முட்டியைத் தடவிக்கொள்வார். ஆனால் விடமாட்டார். “ஹாக்கி லீக்குன்னு ஒண்ணு வச்சிருக்கானே, அதுல ஏலத்துல போனாலும் கவுரவம். ஹர்மன்பிரீத் 78 லட்சத்துக்குப் போவலியா?”

போனார்தான், 2024 அக்டோபர் ஏலத்தில். ஆனால் குறைந்தபட்ச விலை 2 லட்சம் என்பதும் அதே ஏலத்தின் கதை. ஓர் ஆண்கள் அணி மொத்தமாகச் செலவிடக்கூடிய தொகை 4 கோடி. அடுத்த மாதமே ஐ.பி.எல். ஏலத்தில் ரிஷப் பந்த் ஒருவருக்கு 27 கோடி. அந்தப் பணத்துக்கு ஆறு ஹாக்கி அணிகளை முழுசாக வாங்கிக்கொண்டு, மிச்சம் 3 கோடிக்கு கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கலாம். கணக்குப் பார்ட்டி இதோடும் நிறுத்தமாட்டார். “லீக்கு 2013-ல வந்துச்சு, 2017-ல படுத்துச்சு, 2024 கடைசியிலதாம் எந்திச்சுது. ரயிலு அப்பிடி ஏழு வருசம் நிக்குமாவே?”

தோற்றுக்கொண்டிருப்பதை உணர்ந்த அண்ணாச்சி கடலுக்குத் தாவினார். “சிப்பிய எடுக்கதுக்கு ஒரு வயசு இருக்குல்லா? பிஞ்சுல எடுத்தா உள்ள இருக்கது முத்தா, கடுகா?” சபையில் பலத்த தலையாட்டல். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். அவர் அப்பா முத்துக்குளித்தவர். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தது 1961-ல். அப்போது இவர் சிறுவன். “நீரு பாதியத்தாம் சொல்லுதீரு. ஆறு ஏழு வயசுக்கு மேல பார்லயே விட்டா சிப்பி செத்துப்போவும், முத்தும் மண்ணோட போயிரும். அதாம் அதிகாரிமாரு பாரைச் சோதிச்சிட்டு வந்து இப்ப குளிக்கலாம், இப்ப குளிக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. இன்னொண்ணு கேளும். சிப்பிய ஆயிரம் ஆயிரமாத்தாம் ஏலம் போட்டான், தெறந்து காட்டியா போட்டான்? வாங்கினவன் வீட்டுல கொண்டுபோயி அழுவ வச்சு, அப்புறம்லா முத்து இருக்கா இல்லியான்னு பாத்தாம். ஒம்ம பயலை ரயில்வேக்காரன் தெறக்காமத்தாம் எடுத்திருக்காம். முத்து இல்லாட்டி நட்டம் அவனுக்கு. ஒமக்கு என்ன?”

ஒமக்கு என்ன என்ற இந்தக் கேள்விக்கு அண்ணாச்சியிடம் பதிலில்லை. உண்மையில் அவருக்கு அந்தப் பயலுடைய எதிர்காலத்தில் ஒரு நட்டமும் இல்லை. சாயங்காலம் நாலரைக்கும் ஆறரைக்கும் நடுவில்தான் நட்டம். அந்த ரெண்டு மணி நேரத்தை இனி யாரைத் திட்டிக் கழிப்பது? அந்தப் பயல் வலது பக்கம் போவதாகப் போக்குக் காட்டி இடது பக்கம் வெட்டும்போது, அண்ணாச்சியின் உடம்பும் கேலரியில் உட்கார்ந்தபடியே இடது பக்கம் வெட்டும். நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் டீ கொட்டிவிடும்.

வீட்டில் கதை வேறு. ராத்திரி சாப்பிடாமல் படுத்தாராம். மதினி கேட்டிருக்கிறார்கள், “யாரு செத்துட்டா?” விஷயத்தைச் சொன்னார். மதினி நிதானமாகத் தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்களாம்: “நம்ம மவன் மூணாம் வருசப் பரீட்சை எழுதாம கப்பலுக்குப் போறேன்னப்ப, வட்டிக்கு வாங்கி அனுப்பி வச்சது யாரு? அன்னிக்கு எந்தக் காலேஜு அழுதுச்சு?” அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்து மூன்று தோசை சாப்பிட்டிருக்கிறார். இதை எனக்குச் சொன்னதும் மதினிதான். அவர் சொல்லியிருக்க மாட்டார்.

மறுநாள் முதல் அவருடைய பேச்சு மெல்லத் திரும்பியது. 2022 மே மாதம் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் கோவில்பட்டி மாரீஸ்வரனும் செல்வம் கார்த்தியும் இந்திய அணியில் ஆடியதை எடுத்தார். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டது அண்ணாச்சிக்கு நேற்று நடந்த மாதிரி. அந்த ஆட்டம் 1-1 என்று டிராவில் முடிந்ததை மட்டும் சொல்லமாட்டார். கார்த்தி அரியலூர்க்காரர் ஆயிற்றே என்றால், “கோவில்பட்டி ஹாஸ்டல் சோறு தின்னவன்லா, அப்புறம் என்ன அரியலூரு?” தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோவில்பட்டியில் நடத்தும் ஹாக்கி விடுதியைத்தான் சொல்கிறார். அரியலூரிலும் ஒரு அண்ணாச்சி, ‘பய கோவில்பட்டிக்குப் போயிட்டானே’ என்று அன்றைக்குக் கண்கலங்கியிருப்பாரே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அவரு பாவந்தாம்” என்றார்.

அடுத்த மே. கோவில்பட்டி. பய ரயில்வே பனியனில் இறங்கினான். சதை கொஞ்சம் போட்டிருந்தது. டிபார்ட்மென்ட் கேன்டீன் நல்ல கேன்டீனாக இருக்க வேண்டும். அண்ணாச்சி கைதட்டக்கூடாது என்ற வைராக்கியத்தோடு குடைக்காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது நிமிஷம், பய வலது பக்கம் போக்குக் காட்டி இடது பக்கம் வெட்டி வட்டத்துக்குள் நுழைந்தான். அண்ணாச்சியும் வெட்டினார். குடை பறந்தது. அடுத்திருந்த முன்பின் தெரியாத மனிதரின் தோளைப் பிடித்து உலுக்கி, “யாரு தெரியுமா? நம்ம பய! நாந்தாம் சொன்னேன், டிகிரி கிகிரின்னு நேரத்தை வீணாக்காத, ஆர்டர் வந்தா பிடிச்சிக்கோன்னு!”

கணக்குப் பார்ட்டி என்னைப் பார்த்தார். நான் ஸ்கோர் போர்டைப் பார்த்தேன்.

ஆட்டம் முடிந்ததும் பய நேராகக் கேலரிக்கு வந்து அண்ணாச்சியின் காலைத் தொட்டான். அண்ணாச்சி டைரியைத் திறந்து, அன்றைக்கு அவன் தவறவிட்ட நாலு பாஸ்களை வரிசையாகப் படித்துக் காட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். பிறகு அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். “ஏலே, நீ ரயில்வேதான? முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல மெட்ராஸுக்கு ரெண்டு டிக்கெட்டு, வெயிட்டிங் லிஸ்டு 43-ல நிக்கி. என்னன்னு பாரேன்.” செகந்திராபாத்தில் ஏதோ ஓர் அறையில் கோப்பு அடுக்கும் அவன், தெற்கு ரயில்வே டிக்கெட்டுக்கு என்ன செய்ய முடியும்? பார்க்கிறேன் அண்ணாச்சி என்றான். கெட்டிக்காரப் பயல், முன்னுக்கு வருவான்.

மே மாதம் அந்தப் பக்கம் போனால் ஒரு சாயங்காலம் மைதானத்துக்குப் போய் உட்காருங்கள். குடையோடு இருப்பவரைக் கண்டால் வலப்பக்கம் உட்கார வேண்டாம், இடப்பக்கம் உட்காருங்கள். புதுசாக ஒரு ரைட் ஹாஃப் பயலைப் பற்றி அவரே சொல்லுவார். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் ரயில்வேயில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் தயவுசெய்து அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். பய இப்போதுதான் முதல் வருஷம்.