உள்ளே போட்டுப் பார்ப்பவர்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் எந்த நகரில் நலச்சங்கம் இருந்தாலும் அதற்குப் பொருளாளராக இவர் இருப்பார். பேங்கில் வாங்கிய பேனாவைக்கூட முதலில் பேப்பர் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். ஆவடி ஃபேக்டரியில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் வெறும் ‘சார்’.

சார் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் 10. அதற்குள்ளேயே ஒரு சின்னப் பெட்டியில் இன்னொரு கம்ப்யூட்டர் ஓடுகிறது; அதில் விண்டோஸ் 11. விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். புதுசை நேராக மெஷினில் ஏற்றுவது அவர் அகராதியில் ஒழுங்கீனம். “முதல்ல உள்ள போட்டுப் பார்ப்போம்” என்பார். பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஊர் அப்படி. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் வந்தது. அங்கே தயாரான அர்ஜுன் டாங்கிக்கு அரசு ஒப்புதல் கொடுத்தது 1974-ல். முதல் தொகுதி ராணுவத்தின் கைக்குப் போனது 2004-ல். நடுவில் வடிவமைப்பு, சோதனை, திருத்தம், திரும்பவும் சோதனை என்று முப்பது வருஷம். அந்தக் காற்றைச் சுவாசித்து பென்ஷன் வாங்கியவரிடம் போய், “நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு அழுத்துங்க சார், ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும்” என்றால் அவருக்கு வருவது சிரிப்பல்ல, வருத்தம். விர்ச்சுவல் மெஷின் ஏதோ புது விளையாட்டு என்று நினைப்பவர்களை உட்கார வைத்துத் திருத்துவார். ஐபிஎம் தன் பெரிய கணினிகளுக்கு விஎம்/370-ஐ வெளியிட்டது 1972-ல். “அர்ஜுனுக்கு சாங்ஷன் வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிப்பா!” ஆவடியில் காலக்கணக்கே அப்படித்தான் போகும்.

அவருடைய கம்ப்யூட்டர் பழசு. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் அதில் இல்லை, அதனால் நேராக ஏற முடியாது. ஆனால் விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள், 2022-ல் வந்த 7.0 பதிப்பிலிருந்து, இல்லாத சிப்பை இருப்பதாகவே உள்ளே காட்டிவிடும். சாருக்கு இதில் ஒரு தனி ஆனந்தம். மைக்ரோசாஃப்டையே ஏமாற்றிவிட்ட மிதப்பு ஒரு வாரம் நடையில் தெரிந்தது. அதற்கு முன்னால் பயாஸுக்குள் போய் விர்ச்சுவலைசேஷனை ‘ஆன்’ செய்ய வேண்டியிருந்த கதையை நான் கேட்டாயிற்று. நீங்களும் ஒருநாள் கேட்பீர்கள்.

வீட்டம்மாவுக்கு அவர் விளக்கிய விதம் மட்டும் பிரமாதம். “நம்ம மாடி போர்ஷன் மாதிரின்னு வெச்சுக்கோ. கட்டடம் நம்மளுது. குடித்தனம் அவங்களுது. தனி வாசல், தனி சமையல். அவங்க என்ன கூத்தடிச்சாலும் கீழ நமக்குத் தெரியாது.”

“மோட்டார்?”

“மோட்டார் ஒண்ணுதான்.”

“அப்போ மாடிக்காரங்க குழாயத் திறந்தா கீழ தண்ணி நின்னுடுமேங்க?”

கம்ப்யூட்டர் படித்த எவரும் இதைவிடச் சுருக்கமாக ராம் பற்றாக்குறையை விளக்கியதில்லை. சாரின் மெஷினில் இருப்பது மொத்தமே 8 ஜிபி. விண்டோஸ் 11 குறைந்தபட்சம் 4 ஜிபி கேட்கும். பாதியைத் தூக்கி உள்ளே கொடுத்ததும் மேலேயும் ஓடவில்லை, கீழேயும் ஓடவில்லை. ரிச்சி தெருவுக்குப் போய் ராம் வாங்கிவர ஆவடியில் ரயிலேறினார். ஆனால் பழைய டிடிஆர்3 விலையைக் கேட்டு, விசாரித்ததோடு திரும்பிவிட்டார்.

அடுத்து ஸ்னாப்ஷாட். உள்ளே இருக்கும் மெஷினை அந்த நொடியில் அப்படியே பதிவு செய்து வைத்துவிட்டால், எது கெட்டாலும் அங்கே திரும்பிவிடலாம். அருமையான வசதி, அளவோடு பயன்படுத்தினால். சார் வால்பேப்பரை மாற்றுவதற்கு முன்னால் ஒன்று எடுப்பார், மாற்றிய பிறகு ஒன்று. ‘சரி’, ‘ரொம்ப சரி’, ‘கடைசி’, ‘கடைசி புதுசு’ என்று வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொன்றும் டிஸ்க்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன, பேரனின் காதுகுத்துப் படங்கள் பென் டிரைவுக்குக் குடிபெயர்ந்தன.

நவம்பரில் உச்சம். பென்ஷனுக்கு ஆயுள் சான்று கொடுக்கும் மாதம். ஜீவன் பிரமாணுக்கான கைரேகைக் கருவியை வாங்கிவந்து, முதலில் உள்ளே போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தார். யுஎஸ்பி கருவி வெளியே தெரிகிறது, உள்ளே தெரியவில்லை. கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். மனுஷன் சேரில் முழுசாக உட்கார்ந்திருக்க, விண்டோஸ் 11-ஐப் பொறுத்தவரை அப்படி ஒருவர் இல்லவே இல்லை. வீட்டம்மா பாஸ்புக்கைக் கையில் திணித்து, “ஏங்க, உசுரோட இருக்கறதுக்குமா டிரையல்? பேங்குக்கு நடந்து போங்க” என்றார். போனார்.

எனக்கு ஒன்று புரியவில்லை. மாதாமாதம் அப்டேட் தவறாமல் வாங்கிக்கொண்டு ஆரோக்கியமாக இருப்பது உள்ளே இருக்கும் 11. அதில் இருப்பதோ ரீசைக்கிள் பின் மட்டும். பென்ஷன் கணக்கு, சங்கத்தின் வரவு செலவு, வீட்டு வரி ரசீது எல்லாம் கீழே பத்தில். அதன் ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்தியது. இதை அவரிடம் கேட்டேவிட்டேன்.

சார் அசரவில்லை. பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும் என்ற அறிவிப்பை எடுத்துக் காட்டினார்.

“இது சர்வீஸ் எக்ஸ்டென்ஷன்பா. எங்க ஃபேக்டரியில எக்ஸ்டென்ஷன்ல இருக்கறவனை ஒருநாள் முன்னாடி வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லு, யூனியன் கேட்ல நிக்கும்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்குள்ள 12 வந்துட்டா, அதையும் உள்ள போட்டுப் பார்க்கணும் இல்ல?”