கேட்டவனுக்குக் கொடு, ராசா!

ஏலே பேராண்டி, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காதலே. நீ படம் போடுத கணக்கை எவனோ களவாண்டுட்டுப் போயிட்டானாமே? உங்க அம்மை சொன்னா. "மாப்ளே, உன் போனுக்கு ஒரு நம்பர் வரும், சட்டுனு அனுப்பு"ன்னு கூட்டாளி பேர்ல கேட்டானாம், நீயும் அனுப்பிட்டியாம். நல்ல காரியம்லே! கேட்டவனுக்கு இல்லைன்னு சொல்லாத வம்சம்லா நம்மது!

இதுக்குப் போயி வெக்கப்படலாமா? படிச்ச மகராசங்களே கொடுத்திருக்காவ. 2020 ஜூலையில ட்விட்டர்ல நடந்ததைக் கேளு. "கம்பெனி கம்ப்யூட்டர் பிரிவுலருந்து பேசுதோம்"னு ஊழியருக்கு ஒரு களவாணி போன் போட்டான். ஒரு போலிப் பக்கத்தைக் காட்டுனான். அவுகளும் கடவுச்சொல்லைப் பவ்யமா அடிச்சுக் கொடுத்தாவ. உள்ள புகுந்து 130 கணக்குக்குக் குறி வச்சான். ஒபாமா, பைடன், பில் கேட்ஸ் பேர்லயெல்லாம், "பிட்காயின் அனுப்பு, ரெண்டு மடங்காத் தாரேன்"னு எழுதுனான். ஒரு லட்சம் டாலருக்கு மேல வந்து விழுந்துச்சு. சூத்திரதாரின்னு பிடிச்சது யாரைத் தெரியுமா? ஃபுளோரிடாவுல 17 வயசுப் பயலை!

அடுத்து, எல்லாத்துக்கும் ஒரே கடவுச்சொல் வச்சிருக்கியாமே? அதையும் மாத்திராத. ஃபேஸ்புக் முதலாளி சக்கர்பெர்க் பழக்கம்லா அது! 2012ல லிங்க்ட்இன்ல களவு போன கடவுச்சொல்லெல்லாம், பத்துக் கோடிக்கு மேல, 2016ல சந்தைக்கு வந்துச்சு. கொஞ்ச நாள்லயே அவரு ட்விட்டர் கணக்குலயும் பின்டரெஸ்ட் கணக்குலயும் ஆள் புகுந்துட்டான். "லிங்க்ட்இன்ல கிடைச்ச கடவுச்சொல்தான், 'டடடா'"ன்னு புகுந்தவனே சொன்னான். நாலு வீட்டுக்கு ஒரே சாவி. எம்புட்டுச் சிக்கனம் பாரு!

'டடடா' ஞாபகம் இருக்காதுன்னா 123456ன்னு வச்சுக்கோ. 2009ல ராக்யூன்னு ஒரு கம்பெனி மூணு கோடிக்கு மேல கடவுச்சொல்லை மறைக்காம அப்பிடியே எழுதி வச்சுப் பறிகொடுத்துச்சு. எடுத்துப் பாத்தா அதுல முதலிடம் இந்த ஆறு இலக்கத்துக்குத்தான். நீயும் ஊரோட ஒத்துப் போ.

என்ன முழிக்க? "நான் ஒழுங்காப் பூட்டுனா போதும்லா தாத்தா"ங்கியா? போதாதுலே. 2018ல ஃபேஸ்புக்ல, நம்ம பக்கம் அடுத்தவன் கண்ணுக்கு எப்பிடித் தெரியும்னு பாக்குத வசதி இருந்துச்சு. அதுலயே ஓட்டை. சுமார் மூணு கோடிப் பேரோட நுழைவு டோக்கனை அள்ளிட்டானுவ. கடவுச்சொல்லே தேவைப்படல. அதனால, நாலு பேர் பாத்தா மானம் போகும்ங்கதை அங்க கொண்டு வைக்காதே. இது கேலி இல்ல.

எந்திரி. முதல்ல மெயில் கடவுச்சொல்லை மாத்து. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற வை. ரெண்டாவது சரிபார்ப்பையும் போடு. கூட்டாளிகளுக்கெல்லாம் வாயால பேசிச் சொல்லிரு. இந்நேரம் அந்தப் பய உன் பேர்ல அவனுவகிட்ட நம்பர் கேட்டுக்கிட்டு இருப்பான். இனி போன்ல வார நம்பரை எவன் கேட்டாலும் கொடுக்காதே. நான் கேட்டாக் கண்டிப்பாக் கொடுக்காதே. எனக்கு அது எதுக்குலே?