ஓட்டையும் தொட்டியும்

பழைய ரயில் பெட்டிகளின் கழிவறையில் குனிந்து பார்த்தால் தண்டவாளம் தெரியும். ஸ்லீப்பர் கட்டைகளும் ஜல்லியும் கோடாகப் பின்னோக்கி ஓடும். குழந்தைகள் அந்த ஓட்டையைப் பார்த்துப் பயந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்கள் பார்ப்பதே இல்லை. விழுந்தது எங்கே போயிற்று என்று கேட்கும் முன் வண்டி வெகுதூரம் போயிருக்கும்.

அந்தப் பெட்டிகளைப் பராமரிக்கும் பணிமனை ஒன்றில் 1980களின் தொடக்கத்தில் நான் ஃபிட்டராகச் சேர்ந்தேன். காலையில் வந்து சேரும் ரேக், அதாவது பெட்டிகளின் தொடர், மாலைக்குள் பிட் லைன் என்கிற, நடுவே பள்ளமுள்ள தடத்தில் ஏறி, பிரேக், சக்கரம், ஸ்பிரிங், விளக்கு, மின்விசிறி எல்லாம் சோதிக்கப்பட்டு மறுபடி பிளாட்பாரத்துக்குப் போக வேண்டும். கழிவறைக்கும் ஒரு சோதனை உண்டு. மேலே ஒருவர் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார். பள்ளத்தில் நிற்பவர் பார்ப்பார். தடையில்லாமல் கொட்டினால் 'ஃபிட்'. தேங்கினால் கோளாறு. இன்று அதே மாதிரிப் பள்ளத்தில் நின்று பார்ப்பவர், பெட்டிக்கு அடியிலிருந்து ஏதாவது ஒழுகினால் கோளாறு என்று எழுதுகிறார். என் ஒரு வேலைக்காலத்துக்குள் நல்ல கழிவறை என்பதன் பொருள் இப்படித் தலைகீழாகிவிட்டது. இதைவிடப் பெரிய மாற்றம் எதையும் அந்தப் பணிமனையில் நான் பார்த்ததில்லை.

வண்டி நிலையத்தில் நிற்கும்போது கழிவறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று பெட்டிகளில் எழுதி வைத்திருப்போம். விடியற்காலையில் ஊருக்குள் நுழையும் ஒரு வண்டியில் ஆயிரம் பேருக்கு மேல் விழித்தெழுவார்கள். அந்த எழுத்து யாரைத் தடுக்கும்? பிளாட்பாரத்தை ஒட்டிய தண்டவாளங்களின் நிலைமை தமிழ்நாட்டில் வளர்ந்த எல்லோருக்கும் நினைவிருக்கும். பெரிய நிலையங்களில் ஜல்லிக்குப் பதிலாகக் கான்கிரீட் தளம் போட்டு, அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வசதி செய்தார்கள். ஆனாலும் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் இடுக்கிலும் தண்டவாளத்தின் அடிப்பாதத்திலும் ஒட்டியதைத் துடைப்பமும் தகரமும் கொண்டு ஒரு கைதான் எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கை பெரும்பாலும் ஒரு பெண்ணின் கை. எங்கள் பக்கத்தில் அவர்கள் பெரும்பாலும் அருந்ததியர்.

அவர்களில் ஒரு அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வண்டிகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் இறங்கி, சிக்னலைப் பார்த்துக்கொண்டே வேலையை முடித்து, பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டு ஏறுவார். காலில் ரப்பர் செருப்பு. கையில் உறை கிடையாது. வேலை முடிந்து எங்கள் டீக்கடைக்கு வந்தால், குடித்த டம்ளரை அவரே கழுவித் தனியாக ஓர் ஓரத்தில் கவிழ்த்து வைப்பார். அப்படி வைக்கும்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வைக்க வேண்டாம் என்று யாரும் சொல்லியும் கேட்டதில்லை.

கழிவு தண்டவாளத்தை அரிக்கும் என்பது எங்கள் பொறியாளர்களுக்கு எப்போதுமே தெரியும். தண்டவாளமும் அதைப் பிடித்திருக்கும் கிளிப்பும் லைனரும் துருவேறி ஆயுள் முடியும் முன்னே மாற்ற வேண்டிவரும். அனில் ககோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்பு ஆய்வுக் குழு 2012இல் தந்த அறிக்கையில் இதை அழுத்தமாகச் சொல்லி, திறந்தவெளியில் கொட்டும் கழிவறைகளை ஐந்து ஆண்டுக்குள் ஒழிக்கச் சொன்னது. நல்ல பரிந்துரை. தண்டவாளத்தின் அரிப்பைக் குறிக்க எங்களிடம் படிவங்கள் இருந்தன. அந்த அம்மாவின் விரலிடுக்கில் இருந்த புண்ணைக் குறிக்க எந்தப் படிவத்திலும் இடமில்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் முதலில் 1993இலும் பிறகு இன்னும் விரிவாக 2013இலும் வந்தது. துப்புரவுத் தொழிலாளர் அமைப்பான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச்சில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், தண்டவாளங்களில் இந்த வேலையை முடிவுக்குக் கொண்டுவரக் காலவரையறையோடு ஒரு திட்டம் வேண்டும் என்று ரயில்வேக்கு உத்தரவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு மகளைப் பார்க்க அரிசோனாவுக்குப் போனோம். மாப்பிள்ளை ஒரு பழைய ஆர்.வி. வாங்கி வைத்திருந்தார். படுக்கை, அடுப்பு, குளியலறை, கழிவறை எல்லாம் கொண்ட வீட்டு வண்டி. ஃபீனிக்ஸிலிருந்து கிராண்ட் கேன்யனின் தென்விளிம்புக்குப் புறப்பட்டோம். வண்டிக்குள் கழிவறை என்றதும் நான் முதலில் குனிந்து பார்த்தது அதன் அடிப்பாகத்தைத்தான். ஓட்டை இல்லை. இரண்டு தொட்டிகள் இருந்தன. கழிவறையிலிருந்து வருவது பிளாக் டேங்கில் சேரும். பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் கிரே டேங்குக்குப் போகும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40 கேலன், அதாவது 150 லிட்டர் பிடிக்கும். இரண்டு குழாய்களும் ஒரே வாயில் வந்து சேர, ஒவ்வொன்றுக்கும் இழுத்துத் திறக்கிற ஒரு வால்வு.

பைன் மரங்களுக்கு நடுவே இருக்கும் மேதர் முகாமில் தங்கினோம். அங்கே வண்டியோடு இணைக்கும் கழிவுக்குழாய் கிடையாது. எல்லாம் தொட்டியில்தான் சேரும். கிளம்பும் நாளில் டம்ப் ஸ்டேஷன் என்கிற இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். சரிவாகப் போட்ட கான்கிரீட் தளம், நடுவில் மூடி போட்ட ஒரு துளை, பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான். மாப்பிள்ளை கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

"மாமா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"எனக்கு இதுதானே தொழில், மாப்பிள்ளை. சொல்லுங்க, பக்கத்துல நின்னு பாக்குறேன்."

அவர் செய்ததை ஒரு ஃபிட்டரின் கண்ணோடு பார்த்தேன். மூன்று அங்குல ஹோஸின் ஒரு முனையைத் தரையிலிருந்த துளைக்குள் இறுக்கினார். மறுமுனையை வண்டியின் வாயில் திருகிப் பூட்டினார். இரண்டாவது முறையும் இழுத்துப் பார்த்தபின்தான் வால்வைத் தொட்டார். முதலில் பிளாக் டேங்க். அது முழுக்க வடியும்வரை கிரே வால்வைத் தொடவில்லை. பிறகு கிரேயைத் திறந்தபோது சோப்புத் தண்ணீர் பாய்ந்துவந்து ஹோஸைக் கழுவிக்கொண்டு போனது. இந்த வரிசையை மாற்றினால் மலம் கடைசியாக வந்து ஹோஸில் தங்கிவிடும். அடுத்து, கழுவுவதற்கென்றே வைத்திருக்கும் தனி ரப்பர் குழாயை வண்டியின் பக்கவாட்டிலிருந்த இன்னொரு வாயில் மாட்டினார். பிளாக் டேங்குக்குள் இருக்கும் தெளிப்பான் சுழன்று சுவர்களைக் கழுவும். ஹோஸின் இடையில் கண்ணாடிபோல் தெளிந்த ஒரு முழங்கைக் குழாய் இருந்தது. அதில் ஓடும் நீர் நிறம் தெளியும்வரை கழுவிக்கொண்டே இருந்தார். குடிநீர் பிடிக்கும் குழாயை அந்தப் பக்கமே கொண்டுவரவில்லை. கடைசியில் வால்வுகளை மூடி, கழிவறை வழியாகக் கொஞ்சம் தண்ணீரும் அதற்கான மருந்தும் ஊற்றினார். தொட்டியை ஒருபோதும் காய விடக்கூடாது என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரைத் தட்டிக்கொடுத்தேன். நீர்தான் கழிவை நகர்த்துகிறது. கழிவுக்குழாய் இணைப்புள்ள முகாம்களில் சிலர் பிளாக் வால்வைத் திறந்தே வைத்துவிடுவார்களாம். நீர் மட்டும் வடிந்துபோக, திடப்பொருள் கழிவறைக்கு நேர்கீழே கூம்பாகக் குவிந்து கல்லாகிவிடும். அதை உடைக்க நாள்கணக்கில் தண்ணீர் ஊறவைக்க வேண்டும். அதனால் மூன்றில் இரண்டு பங்காவது நிறையும்வரை வால்வை மூடி வைத்து, மொத்தமாக வேகத்தோடு வெளியேற்றுவதுதான் முறை. தொட்டியின் அளவுகாட்டியில் காகிதம் ஒட்டிக்கொண்டால் அது காலித் தொட்டியை நிறைந்ததாகக் காட்டும். தண்ணீரில் சீக்கிரம் கரையும் காகிதத்தைத் தவிர வேறு எதையும் உள்ளே போட மாட்டார்கள். மருந்திலும் கவனம் வேண்டும். சில மருந்துகளில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். அது நாற்றத்தை அடக்கும், நுண்ணுயிர்களையும் கொல்லும். முகாம்களின் செப்டிக் டேங்குகள் பிழைப்பதே அந்த நுண்ணுயிர்களை நம்பித்தான்.

அந்தப் பூங்காவுக்கு இதில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. தென்விளிம்பில் தண்ணீர் அரிது. கழிவுநீரைச் சுத்திகரித்து, தனிக் குழாய்களில் கொண்டுபோய்க் கழிவறைகளுக்கும் புல்வெளிக்கும் பயன்படுத்தும் ஏற்பாட்டை 1926இலேயே அங்கே தொடங்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் ரசித்துக்கொண்டிருக்க, என் மனைவி வண்டிக்குள்ளேயே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இவ்வளவு படிச்ச பிள்ளை. இதையெல்லாமா செய்யணும்? ஆள் வெச்சுக்கக் கூடாதா?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மாப்பிள்ளை மேல் வைத்த பாசத்தில் சொன்னாள். ஆனால் அந்தக் கேள்விக்குள் அந்த ஆள் யார் என்பதும் இருந்தது. எங்கள் ஊரில் அதற்கென்று பிறந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை இருந்தது. எங்களுக்கு அடுத்து வரிசையில் நின்ற வண்டியிலிருந்து வெள்ளைத்தலைப் பெரியவர் ஒருவர் இறங்கினார். என்னைவிட மூத்தவராக இருப்பார். அவரும் கையுறை மாட்டிக்கொண்டு தன் ஹோஸை எடுத்தார். "அங்க பாரு" என்று மட்டும் அவளிடம் சொன்னேன். மாப்பிள்ளை ஏன் கழிவறையில் ஒரு ஈரத்துடைப்புத் தாளைக்கூடப் போட விடுவதில்லை என்பது எனக்கு அப்போது முழுதாகப் புரிந்தது. உள்ளே போடுவது எதுவானாலும் அதை வெளியே எடுக்கப் போவது அவர் கை. இந்த ஒன்று நம் ரயிலில் இல்லை.

நம் ரயிலிலும் இப்போது தொட்டி இருக்கிறது. பயோ டாய்லெட் என்பார்கள். இமயத்தின் குளிரில் இருக்கும் ராணுவ வீரர்களுக்காக, குவாலியரில் இருக்கும், ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம் உருவாக்கிய முறை அது. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களை விடுகிறார்கள். அவை மலத்தைத் தின்று நீராகவும் வாயுவாகவும் ஆக்குகின்றன. நீர் குளோரின் வழியாக வெளியே போகிறது. 2011இல் குவாலியருக்கும் வாரணாசிக்கும் இடையே ஓடும் புந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸில் தொடங்கி, இன்று நாடு முழுக்க இரண்டரை லட்சத்துக்கும் மேல் பொருத்திவிட்டார்கள். 2016 ஜூலையில் மானாமதுரை – ராமேஸ்வரம் இடையிலான 114 கிலோமீட்டர் பாதை, நாட்டிலேயே கழிவு விழாத முதல் ரயில்பாதையாக அறிவிக்கப்பட்டது. அன்று பணிமனையில் நாங்கள் இனிப்புக் கொடுத்துக்கொண்டோம். பாம்பன் கடல்மேல் போகும் வண்டியிலிருந்து இனி எதுவும் கீழே விழாது என்பதில் எனக்கு உண்மையான பெருமை இருந்தது, இருக்கிறது. வெளியேறும் நீர் எவ்வளவு சுத்தம் என்பது பற்றிச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கடுமையான கேள்விகள் எழுப்பினார்கள். அவற்றுக்கு ரயில்வே பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனாலும் பழைய ஓட்டைக்குத் திரும்பச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

என் கவலை அடைப்பைப் பற்றியது. மத்திய தணிக்கைத் துறையின் 2017ஆம் ஆண்டு அறிக்கை, ஓராண்டில் சுமார் 25,000 பயோ டாய்லெட்டுகளில் ஏறத்தாழ 2 லட்சம் குறைபாடுகளைக் கணக்கிட்டது. பாதிக்கும் மேல் அடைப்பு. தண்ணீர் பாட்டில், டீக் கப், குட்கா பாக்கெட், துணி, குழந்தையின் டயப்பர், நாப்கின். ஓட்டை இருந்த காலத்தில் இவையெல்லாம் தண்டவாளத்தில் விழுந்து சிதறின. தொட்டி வந்தபிறகும் கழிவறைக் குழியைக் குப்பைக்கூடையாக எண்ணும் பழக்கம் போகவில்லை. அடைப்பு எடுக்கக் கொக்கியும் இயந்திரமும் உண்டு. ஆனால் துணியும் நாப்கினும் வளைவில் சுற்றிக்கொண்டால் கொக்கிக்கு வராது. அடியிலிருந்து மூடியைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது உள்ளே நிற்பது எல்லாம் கழற்றுபவரின் தோள்மேல் வரும். அவர் இப்போது ஒப்பந்தத் தொழிலாளி. தண்டவாளத்தில் குனிந்து நின்ற அந்த அம்மாவின் வேலை, பெட்டிக்கு அடியில் அண்ணாந்து நிற்கும் ஓர் இளைஞனுக்கு வந்திருக்கிறது. பயணிக்கு அவனைத் தெரியாது. வண்டி நின்று, பயணி வீட்டுக்குப் போய்க் குளித்தபிறகுதான் அவன் வேலை தொடங்குகிறது.

வந்தே பாரத் வண்டிகளில் காற்றழுத்தத்தால் உறிஞ்சும் பயோ வேக்குவம் முறை வந்துவிட்டது. ஒருமுறை கழுவ அரை லிட்டர் தண்ணீர் போதும். பழையதற்குப் பத்து லிட்டர் வேண்டும். நல்ல முன்னேற்றம்தான். குழாய் இன்னும் குறுகியது, அதனால் ஒரு சின்னத் துணியே அதை நிறுத்திவிடும்.

போன மாதம் மதுரையிலிருந்து திரும்பும்போது கைக்குழந்தையோடு ஒரு பெண் கழிவறைக்குள் போனார். கையில் சுருட்டிய டயப்பர்.

"அம்மா, அத உள்ள போட்டுடாதீங்க. கீழ தொட்டி இருக்கு, அடைச்சிக்கும். ஒரு பையன் கைய விட்டு எடுக்கணும்."

அவர் திடுக்கிட்டு நின்றார். "ஐயோ, எனக்குத் தெரியாதுங்க ஐயா. அப்ப எங்கதான் போடுறது?"

கழிவறைக்குள்ளும் வெளியே கைகழுவும் இடத்திலும் பார்த்தேன். இரண்டு கூடைகளும் வழிந்துகொண்டிருந்தன. என்னிடமிருந்த பிளாஸ்டிக் உறையைக் கொடுத்தேன். அவர் அதைக் கட்டித் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். சொன்னால் கேட்கிறார்கள். சொல்வதற்கு ஆளும் இல்லை, போடுவதற்கு இடமும் இல்லை. 80 படுக்கைகளும் நான்கு கழிவறைகளும் உள்ள ஒரு பெட்டி இரவு முழுவதும் ஓடுகிறது. அதற்குச் சிறிய வாளி அளவுக் கூடைகள் எப்படிப் போதும்? கூடையின் கொள்ளளவை மூன்று மடங்காக்க வேண்டும், நள்ளிரவில் வண்டி நிற்கும் பெரிய நிலையம் ஒன்றில் அதைக் காலிசெய்ய ஆள் வேண்டும், தொட்டியைத் திறப்பவரின் வேலையை ஒரு வரியில் சொல்லும் படம் ஒவ்வொரு கழிவறைக் கதவிலும் வேண்டும். பணியில் இருந்தபோது இவற்றை எழுதிக் கொடுத்தேன். இப்போது பயணியாக மறுபடியும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.