ஆகாய மார்க்கத்தில் குடும்ப சமேதராய்

ஆக்லாந்து,
ஆனி மாதம்.

மகா ராஜராஜஸ்ரீ பெரியப்பா அவர்களுக்கு,

மீனம்பாக்கத்தில் எங்களை வழியனுப்ப வந்திருந்தபோது, "ரயிலைப் போலப் புழுதி இல்லை, கூலிக்காரனோடு வழக்கு இல்லை, ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினால் அடுத்த தேசத்தில் விழிக்க வேண்டியதுதான்" என்று தாங்கள் திருவாய் மலர்ந்தருளியதை, பெரியவர்கள் வாக்கு என்பதற்காக அப்போது நான் மறுத்துப் பேசவில்லை. ஆறு வயதுப் பையனையும் ஒன்பது மாதக் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு, சிங்கப்பூர் வழியாகப் பூமியின் தென்கோடிக்குக் குடிவந்து சேர்ந்துவிட்ட அநுபவஸ்தன் என்ற ஹோதாவில் இப்போது மிகுந்த வணக்கத்துடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், கண்ணை மூடும் பாக்கியம் எங்களில் பெரியவர்கள் எவருக்கும் கிட்டவில்லை. கிட்டிய கைக்குழந்தையையும் சட்டத்தை உத்தேசித்து நாங்களே எழுப்ப நேர்ந்தது.

ஆளுக்கு 30 கிலோவுக்குள் சம்சாரத்தை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது விமானக் கம்பெனியின் கட்டளை. அதில் கணிசமான ஒரு பாகத்தைத் தங்கள் மருமகள், மேஜைமேல் வைத்து மாவரைக்கும் கிரைண்டருக்கே தத்தம் செய்துவிட்டாள். நியூஜிலாந்திலும் 230 வோல்ட் மின்சாரந்தான், பிளக்கின் தகடுகள் மாத்திரம் சாய்ந்திருக்கும், அதை மாற்றிவிட்டால் இட்லிக்குப் பங்கமில்லை என்று அவள் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தாள். பெட்டியைச் சோதித்த காவலர் அதற்குள் உருண்டையாய்க் கல்லைக் கண்டு திடுக்கிட்டுத் திறக்கச் சொன்னவர், திறந்ததும் முகம் மலர்ந்து, "இரண்டு லிட்டரா அம்மா?" என்று கேட்டுவிட்டு மூடினார்.

கைக்குழந்தைக்குப் பெரியவர்கள் கட்டணத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான்; ஆனால் ஆசனம் கிடையாது, நம் மடியே ஆசனம். இதற்குப் பரிகாரமாக விமானத்தில் தொட்டில் ஒன்று வைத்திருக்கிறார்கள். முன்வரிசைக்கு எதிரே உள்ள தடுப்புச் சுவரில் அதை மாட்டுவார்கள். முன்னதாகவே மனுச் செய்துகொள்ள வேண்டும். குழந்தை குறிப்பிட்ட எடையைத் தாண்டியிருக்கவும் கூடாது. இத்தனை யோக்கியதாம்சங்களையும் பெற்று, அழுது ஆர்ப்பரித்து, பல தேசத்துப் பிரயாணிகளுக்கும் மனப்பாடம் ஆகும்வரையில் தாயாரைத் தாலாட்டுப் பாடவைத்து, கடைசியில் குழந்தை கண்ணயரும் அந்த க்ஷணத்தில், விமானம் மேகத்தில் இலேசாகக் குலுங்க, 'டிங்' என்ற மணியோசையோடு சீட் பெல்ட் விளக்கு எரியும். விளக்கு எரிகையில் தொட்டிலில் குழந்தை இருக்கலாகாது என்பது விதி; எடுத்து மடியில் வைத்து, நம் பெல்ட்டோடு கோத்த சிறிய பெல்ட்டினால் பிணைக்க வேண்டும். எடுத்தால் விழிக்கும், விழித்தால் அழும், அழுகை உச்சஸ்தாயியை எட்டும்போது விளக்கு அணையும். பக்கத்து ஆசனத்தில் இருந்த சீனப் பாட்டி ஒருத்தி, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் குழந்தையை வாங்கிக்கொண்டு, முதுகில் இரண்டு தட்டுத் தட்டி அதைத் தூங்கவைத்தாள்; நாங்கள் கைகூப்பி முடிப்பதற்குள் விளக்கு எரிந்தது. வங்காள விரிகுடாவின் மேல் இந்த நாடகம் எத்தனை அங்கம் நடந்தது என்று கணக்கு வைக்க எனக்குக் கை ஒழியவில்லை. குழந்தையின் நித்திரைக்கும் மேகத்துக்கும் உள்ள பூர்வஜன்ம பந்தத்தைப் பௌதிக சாஸ்திரிகள்தாம் ஆராய வேண்டும்.

சிங்கப்பூர் விமான நிலையத்தின் மூன்றாவது கட்டடத்தில் வண்ணத்துப்பூச்சிகளுக்கென்றே ஒரு நந்தவனம் இருக்கிறது. பையன் அங்கே குதூகலித்தான்; நான் உட்கார்ந்தேன். அதைத் தவிர அந்த ஊரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

அங்கிருந்து ஆக்லாந்துக்குப் பத்து மணி நேரப் பிரயாணம். ஆசனத்துக்கு எதிரே உள்ள திரையில், விமானம் எந்த இடத்தில் பறக்கிறது என்று பூகோள படத்தின்மேல் காட்டுகிறார்கள். குழந்தைகளோடு பிரயாணம் செய்தறியாத மகான் எவரோதான் இதை ஏற்பாடு செய்திருக்க வேண்டும். வடமேற்கு மூலையில் நுழைந்து தென்கிழக்கில் வெளியேறும்வரை ஆஸ்திரேலியா கண்டம் முழுவதையும் குறுக்கே கடக்கவேண்டியிருப்பதால், "இப்போது எங்கே?" என்று பையன் கேட்ட போதெல்லாம் நான் "ஆஸ்திரேலியா" என்றே சொல்லி, சாப்பாட்டுக்கு முன்பும் ஆஸ்திரேலியா, பின்பும் ஆஸ்திரேலியா, அவன் தூங்கி எழுந்தும் ஆஸ்திரேலியா என்று ஆனபிறகு, அவன் என்னை நம்புவதை விட்டுப் பணிப்பெண்ணிடம் கேட்கத் தொடங்கினான். அவளும் ஆஸ்திரேலியா என்றாள்.

வெளியே உறைநிலைக்கு ஐம்பது டிகிரி கீழே குளிர் இருந்தாலும், உள்ளே நிரப்பிவைக்கும் காற்றின் அழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலையில் உள்ளதற்குச் சமானம். அதாவது ஏறக்குறைய உதகமண்டலம். இறங்கும்போது அழுத்தம் அதிகரிக்க, காது அடைத்து வலிக்கும். விழுங்கிக்கொண்டே இருந்தால் உட்குழாய் திறந்துகொள்ளும். ஆகவே குழந்தைக்குப் பால் கொடுத்தோம். பையன் வாயில் பெரியம்மா கொடுத்தனுப்பிய கமர்கட்டு ஒன்றைத் திணித்தோம். டாஸ்மன் கடலுக்கு மேலிருந்து ஓடுபாதை வரையில் அது கரையவும் இல்லை, அவன் பேசவும் இல்லை. ஆகாயப் பிரயாணத்துக்கு இதைவிட உயர்ந்த சாதனம் எந்தத் தேசத்திலும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது என் தீர்மானம்.

இந்த நாட்டில் கள்ளக் கடத்தல்காரனைவிட விதைக்கும் மண்ணுக்கும் அதிகம் பயப்படுகிறார்கள். கொண்டுவந்த உணவுப் பொருள்களைச் சொல்லாமல் மறைத்தால் 400 டாலர் அபராதம். மோப்ப நாய்கள் வேறு. தங்கள் மருமகள் சாம்பார்ப் பொடி முதற்கொண்டு சகலத்தையும் வரிசையாக எடுத்துரைத்தாள். வேப்பம்பூவைக் கண்ட அதிகாரி உபயோகம் என்ன என்று கேட்க, "கசப்பு, வருஷப் பிறப்பன்று சாப்பிடுவோம்" என்றாள். அவர் எங்களைப் பரிதாபத்துடன் நோக்கிவிட்டு அதை மாத்திரம் நிறுத்திக்கொண்டார். பையனுடைய செருப்பில் சென்னை மண் ஒட்டியிருந்தபடியால், அதை உள்ளே எடுத்துச் சென்று கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். வாங்கிய நாளிலும் அது அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

இங்கே கடிகாரம் நமக்கு ஆறரை மணி முன்னால் ஓடுகிறது. தேகம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி வீதந்தான் சமாதானமாகும் என்கிறார்கள். ஆகவே பின்னிரவு மூன்று மணிக்கு இந்த மரவீட்டின் தளம் அதிரப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். பகல் பன்னிரண்டுக்கு எழுப்பினால் அநியாயம் என்று அழுகிறார்கள். கிரைண்டருக்கு மாத்திரம் கவலையில்லை; இவ்வூர்ச் சாண்ட்ரிங்காம் சாலையில் நம்மவர் மளிகைக் கடைகள் இருப்பதால் உளுந்துக்குக் குறைவில்லை.

அடுத்த வருஷம் தாங்களும் பெரியம்மாவும் இங்கே வருவதாக உத்தேசம் என்று அறிந்து ஒரு விண்ணப்பம். டிக்கெட் வாங்குகையில் என்ன சாப்பாடு வேண்டும் என்று ஏஜெண்டு கேட்பார். ஆஸ்திக உற்சாகத்தில் 'ஹிந்து சாப்பாடு' என்று சொல்லிவிட வேண்டாம். விமானக் கம்பெனிகளின் சாஸ்திரப்படி அது மாட்டிறைச்சியை விலக்கிய மாமிச போஜனம். நமக்கு வேண்டியது 'ஏஷியன் வெஜிடேரியன்'. பெரியம்மாவுக்கு எதிரே ஆட்டுக்கறியை வைத்துவிட்டுப் பணிப்பெண் "ஹிந்து" என்று புன்னகை செய்தாளானால், அதற்குப் பிறகு சிங்கப்பூர் வரையில் தங்களுக்கு நேரக்கூடியதை நான் எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மகன்.